ஜப்பான் ஊர்களோட பழைய பேப்பர்கள்: கொமோன்ஜோன்னா என்ன, அதை எப்படிக் காப்பாத்துறாங்க

1700-ம் வருஷம், ஜனவரி கடைசி. ஜப்பானோட பசிபிக் கரைல இருக்கற சில ஊர்களுக்குள்ள திடீர்னு கடல் ஏறி வருது. வடக்க குவகாசாகிங்கற மீன்பிடி ஊர்ல வீடுகள் அடிச்சிட்டுப் போகுது, அதோட தீயும் பிடிச்சிக்குது. தெற்க மிஹோங்கற ஊர்ல அலை திரும்பத் திரும்ப வருது. ஆனா நிலம் கொஞ்சம்கூட ஆடல. நிலநடுக்கம் இல்லாம இப்படி ஒரு அலை எப்படி வரும்னு மிஹோ ஊர்த்தலைவருக்குப் புரியவே இல்ல, புரியலங்கறதையும் சேர்த்தே எழுதி வச்சிட்டுப் போயிட்டார்.

கிட்டத்தட்ட 300 வருஷம் கழிச்சு, 1996-ல, இந்த மாதிரி ஊர்ப் பதிவுகளை வச்சு ஜப்பான் விஞ்ஞானிங்க அதுக்குப் பதில் கண்டுபிடிச்சாங்க. அந்த அலை கிளம்புனது பசிபிக்கோட மறு கரைல, இன்னைக்கு வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்கள் இருக்கற பக்கம். அங்க 1700 ஜனவரி 26 ராத்திரி சுமார் 9 மணிக்கு 9 அளவை ஒட்டி ஒரு பிரம்மாண்டமான நிலநடுக்கம் வந்திருக்கு. அங்க இருந்த பழங்குடி மக்கள் அதை வாய்வழியா கதையா சொல்லிட்டு வந்தாங்க, ஆனா எழுத்துல தேதி போட்டு யாரும் எழுதல. அப்புறம் அங்க கடலோரம் செத்துப்போன செடார் மரங்களோட வளையங்களை எண்ணிப் பார்த்தா அதுவும் 1699-1700 குளிர்காலத்தைத்தான் காட்டுச்சு. அமெரிக்காவுல நடந்த நிலநடுக்கத்தோட தேதி, மணி வரைக்கும் ஜப்பான்ல ஊர்க்கணக்கு எழுதுறவங்க கையெழுத்துல கிடைச்சிருக்கு.

இந்த மாதிரி பழைய கையெழுத்துப் பேப்பர்களைத்தான் ஜப்பான்ல கொமோன்ஜோன்னு சொல்றாங்க. வரலாற்றுக்காரங்க கறாரா பேசும்போது ஒருத்தர் இன்னொருத்தருக்கு எழுதின பத்திரம், கடிதம், உத்தரவு இதுக்கு மட்டும்தான் அந்தப் பேர் வைப்பாங்க, டைரிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் வேற பேர். ஆனா சாதாரணமா பேசும்போது வீட்ல கிடக்கற பழைய பேப்பர் எல்லாமே கொமோன்ஜோதான். நானும் இங்க அப்படியே சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சாதான் மத்தது புரியும். ஜப்பான்ல இந்தப் பேப்பர்ல பெரும்பகுதி மியூசியத்துல இல்ல, அரசாங்க ஆவணக்காப்பகத்துலயும் இல்ல. சாதாரண வீடுகள்ல இருக்கு. அதுக்குக் காரணம் எடோ காலத்து ஆட்சி முறை. 1603-ல இருந்து 1868 வரைக்கும் நடந்த அந்த ஆட்சில சாமுராய்ங்களைக் கோட்டை நகரத்துல கொண்டுபோய் உட்கார வச்சாச்சு, கிராமத்துல அவங்க இல்ல. அப்ப வரி யாரு வசூல் பண்றது? ஊர்தான். ஊருக்கு மொத்தமா இவ்ளோ நெல்லுன்னு மேல இருந்து ஒரு சீட்டு வரும், யார் யார் எவ்வளவு தரணும்னு ஊர்த்தலைவர் பிரிச்சு, கணக்கு எழுதி, ரசீது வாங்கி வைக்கணும். இப்படி சுமார் 60,000 ஊர் இருந்துச்சு. நில அளவைப் பதிவு, வாய்க்கால் தண்ணி தகராறுல பக்கத்து ஊரோட போட்ட ஒப்பந்தம், காட்டு எல்லை வரைபடம், மேல போட்ட மனு, அதோட நகல், எல்லாம் தலைவர் வீட்லதான் சேரும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வருஷா வருஷம் எழுதின மதப் பதிவேடு. ஊர்ல யாரும் கிறிஸ்தவர் இல்ல, எல்லாரும் இன்ன பௌத்தக் கோயிலைச் சேர்ந்தவங்கன்னு நிரூபிக்கறதுக்காக ஒவ்வொரு வீட்டுக்கும் புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க, வேலைக்காரங்கன்னு வயசோட எழுதணும். பயமுறுத்தி எழுத வச்சதுதான், ஆனா அதனாலதான் இன்னைக்கு ஒரு மலையூர்ல 200 வருஷம் முன்னாடி எந்தக் குழந்தை எந்த வருஷம் பதிவேட்டுல இருந்து காணாமப் போச்சுன்னுகூட பார்க்க முடியுது.

அந்தப் பேப்பர் எல்லாம் குரான்னு ஒரு தனிக் கட்டிடத்துல இருக்கும். வீட்டுக்குப் பக்கத்துல, தடிமனான மண் சுவர் வச்சு, மேல சுண்ணாம்புச் சாந்து பூசி, தீ உள்ள போகாத மாதிரி கட்டின சேமிப்பு அறை. வீடு மரம், குரா மண். ஊரே எரிஞ்சாலும் குரா நிக்கும்ங்கற நம்பிக்கைல நெல்லு, பட்டுத்துணி, பாத்திரம், பத்திரம்னு எல்லாத்தையும் அதுல வச்சாங்க.

சரி, அந்தப் பேப்பரை எடுத்துப் படிக்கலாம்னா படிக்க முடியாது. இன்னைக்கு ஜப்பான்ல படிச்ச ஒருத்தர், டாக்டரா இருக்கட்டும் வாத்தியாரா இருக்கட்டும், தன் சொந்த கொள்ளுத்தாத்தாவோட தாத்தா எழுதின கடிதத்தைப் படிக்க முடியாம தவிப்பார். ஏன்னா அது குஸுஷிஜிங்கற சேர்த்து எழுதுற கையெழுத்து, தூரிகைல எழுத்தை எழுத்தோட இழுத்துக்கிட்டே போறது. அதோட ஒரே ஒலிக்கு பல வடிவ எழுத்து இருந்துச்சு. 1900-ல பள்ளிக்கூடத்துல ஹிரகானாங்கற ஒலி எழுத்துல ஒரு ஒலிக்கு ஒரே வடிவம்னு முடிவு பண்ணாங்க, அதுக்கப்புறம் படிச்ச தலைமுறைகளுக்கு பழைய எழுத்து மெல்ல மெல்ல அந்நியமாச்சு. இதுல ஒரு நல்ல விஷயமும் உண்டு, எடோ காலத்துல அரசாங்கக் காகிதத்துக்குன்னு ஒரே பாணி கையெழுத்து நாடு முழுக்கப் பரவியிருந்துச்சு, அதுனால ஒருத்தர் கஷ்டப்பட்டு ஒரு ஊர்ப் பேப்பரைப் படிக்கக் கத்துக்கிட்டா 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஊர்ப் பேப்பரையும் ஓரளவு படிச்சிடலாம்.

படிக்க முடியாத பேப்பரை வீட்ல யாரு மதிப்பாங்க? அங்கதான் பிரச்சனையே ஆரம்பிக்குது. பூச்சி அரிக்கும், எலி கடிக்கும், கூரை ஒழுகும், அதெல்லாம் உண்மைதான், ஆனா பேப்பர் அழிஞ்சது பெரும்பாலும் மனுஷங்க கையாலதான். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் நிலச் சீர்திருத்தம் வந்து பெரிய நிலக்காரக் குடும்பங்கள் நொடிஞ்சப்ப மூட்டை மூட்டையா பழைய பேப்பர் கடைக்குப் போச்சு. ஊராட்சிகளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்தப்பல்லாம், 1950-கள்லயும் சரி, 1999-க்கு அப்புறம் 3,232 ஊராட்சி அமைப்பா இருந்தது 1,700 சொச்சமா சுருங்கினப்பவும் சரி, பழைய ஆபீஸைக் காலி பண்றோம்னு அலமாரியோட தூக்கிப் போட்டாங்க. இப்ப புதுசா வந்திருக்கறது ஆளில்லாத வீடு. 2023 கணக்குப்படி ஜப்பான்ல சுமார் 90 லட்சம் வீடு ஆளில்லாம இருக்கு. அப்பா அம்மா போயிட்டாங்க, பிள்ளைங்க டோக்கியோல, வீட்டை இடிக்கணும், குரால என்ன இருக்குன்னே தெரியாது. ஏதோ நல்லா இருக்கற மாதிரி தெரியற நாலு பேப்பரை ஆன்லைன் ஏலத்துல வித்துட்டு மிச்சத்தைக் குப்பைல போடுவாங்க. அந்த நாலும் நாலு பேர் கைக்குப் போயிரும். ஒரு ரசீதைத் தனியா பார்த்தா அது வெறும் ரசீது. அது எந்தப் பெட்டில, எந்தக் கட்டுல, எந்தக் கடிதத்துக்கு அடுத்து இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் அது பேசும்.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. 1949 ஜனவரி 26-ல நாரா பக்கம் ஹோர்யூஜி கோயில்ல தீப்பிடிச்சு ரொம்பப் பழைய சுவரோவியங்கள் கருகிப் போச்சு, நாடே அதிர்ந்து போய் அடுத்த வருஷமே, 1950-ல, பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தாங்க. ஆனா அது முக்கியமா பட்டியல்ல சேர்த்த பொருளுக்கான சட்டம். பேரரசர் எழுதினது, பெரிய கோயிலோட பத்திரம் இதெல்லாம் பட்டியல்ல ஏறும். ஒரு ஊர்த்தலைவர் வீட்டு நெல்லுக் கணக்கு 5,000 துண்டு இருந்தா அதைப் பட்டியல்ல ஏத்தறது அபூர்வம். சட்டப்படி அது அந்தக் குடும்பத்தோட சொத்து, கொளுத்தணும்னு நினைச்சா கொளுத்தலாம், கேக்க ஆளில்ல.

இதை மாத்த ஆரம்பிச்சது 1995 ஜனவரி 17, கோபே நிலநடுக்கம். வீடுகள் சாய்ஞ்சு கிடக்கு, சேதமான வீட்டை அரசு செலவுலயே இடிச்சுத் தர்றோம்னு அறிவிச்சாங்க. மக்களுக்கு அது பெரிய உதவி. ஆனா புல்டோசர் வரும்போது வீட்டோட சேர்ந்து குராவும் அதுக்குள்ள இருக்கறதும் போகுது. வரலாறு படிச்சவங்களும் மாணவர்களும் சைக்கிள்லயும் நடந்தும் தெருத்தெருவா போய் "உங்க வீட்ல பழைய பேப்பர் இருக்கா, தூக்கிப் போட்டுடாதீங்க"ன்னு கேட்டாங்க. அதுல உருவானதுதான் ஷிர்யோ நெட், வரலாற்று ஆவண வலைப்பின்னல்னு வச்சுக்கலாம், கோபே பல்கலைக்கழகத்துல உட்கார்ந்து நடத்துறாங்க. இன்னைக்கு இதே மாதிரி அமைப்பு ஜப்பான்ல 20-க்கும் மேல இருக்கு, பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பல்கலைக்கழகத்து ஆளுங்களும் தன்னார்வலர்களும்தான்.

இவங்க வேலை செய்ற முறையை கொஞ்சம் கிட்டப் போய் பார்க்கணும். ஒரு வீட்டு குராவைத் திறந்ததும் எதையும் தொடமாட்டாங்க, முதல்ல போட்டோ. பெட்டி எங்க இருந்துச்சு, மூடியைத் திறந்தா மேல என்ன இருந்துச்சு, எந்தக் கட்டு எந்த நூலால கட்டியிருந்துச்சு, எல்லாம் போட்டோ எடுத்து, படம் வரைஞ்சு, அப்புறம்தான் ஒவ்வொண்ணா எடுப்பாங்க. அந்த வரிசையே ஒரு தகவல், கலைச்சிட்டா திரும்ப வராது. கையுறை போடறதில்ல, மோதிரம் வாட்சைக் கழட்டிட்டு, கையை நல்லா கழுவித் துடைச்சிட்டு வெறுங்கையாலதான் எடுப்பாங்க, அந்த மெல்லிசு காகிதத்தை விரல் நுனி உணர்ந்தாதான் கிழியாம பிரிக்க முடியும். பேனா உள்ளேயே வரக்கூடாது, பென்சில் மட்டும். துண்டு ஒவ்வொண்ணையும் அமிலம் இல்லாத காகித உறைல போட்டு நம்பர் எழுதி, பக்கம் பக்கமா மேல இருந்து கேமரால எடுத்து, எல்லாம் முடிஞ்சதும் மூலத்தை அந்த வீட்டுக்காரங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுவாங்க. எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படறது அந்தக் கடைசி விஷயம். பேப்பர் ஊரை விட்டுப் போகக்கூடாதுங்கறதுல அவ்ளோ உறுதியா இருக்காங்க, ஏன்னா அந்தப் பேப்பர்ல வர்ற வாய்க்காலும் மேடும் கோயிலும் இன்னும் அந்த ஊர்லதான் இருக்கு, படிச்சுச் சொன்னா "ஆமா அந்த இடத்தை இன்னும் அப்படித்தான் கூப்பிடறோம்"னு சொல்ல ஆளு அங்கதான் இருக்காங்க.

2003-ல மியாகி மாவட்டத்துல நிலநடுக்கம் வந்தப்ப அங்க ஒரு ஷிர்யோ நெட் தொடங்கினாங்க. அவங்க ஒரு படி மேல போய், அடுத்த நிலநடுக்கம் வர்றதுக்கு முன்னாடியே வீடு வீடா போய் யார்கிட்ட என்ன இருக்குன்னு லிஸ்ட் எடுத்து, போட்டோ எடுத்து வச்சாங்க. 2011 மார்ச் 11 சுனாமில சில வீடுகள் பேப்பரோட சேர்ந்து கடலுக்குப் போச்சு, இன்னைக்கு அந்தக் குடும்பங்களோட பழைய எழுத்து அந்த போட்டோல மட்டும்தான் இருக்கு. இஷினோமாகில கடலோரம் சுத்தி இருந்த வீடுகள் எல்லாம் துடைச்ச மாதிரி போயும் ஒரு பழைய குரா மட்டும் தனியா நின்னுச்சு, மாடில வச்சிருந்த பேப்பர் தப்பிச்சிச்சு.

தண்ணில நனைஞ்ச பேப்பரை என்ன பண்றது? அதுக்கு முன்னாடியே, 2004 புயல்ல, கோபே இருக்கற அதே ஹியோகோ மாவட்டத்துல, தொயோகா ஊர் வெள்ளத்துல மூழ்கினப்ப, ஷிர்யோ நெட் ஆளுங்க இதைப் பண்ணிப் பண்ணிக் கத்துக்கிட்டாங்க. பழைய ஜப்பான் பேப்பர் தண்ணிக்கு நல்லாவே தாங்கும். வாஷிங்கற அந்தக் காகிதம் பெரும்பாலும் கோஸோ செடியோட பட்டைல செய்றது, நார் நீளநீளமா பின்னியிருக்கும், நனைஞ்சாலும் கூழாகாது. எழுதின சுமி மை புகைக்கரியும் பசையும் சேர்ந்தது, காய்ஞ்சப்புறம் தண்ணில கரையாது. நம்ம வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்ல எடுத்த பேப்பரும் மைப்பேனா கையெழுத்தும் ஒரு வெள்ளத்துலயே கலங்கிப் போயிடும், 300 வருஷ ஊர்க்கணக்கு சேத்தைக் கழுவினா அப்படியே வரும்.

எதிரி பூஞ்சைதான். கோடைல நனைஞ்ச புத்தகத்துல ரெண்டு மூணு நாள்ல பச்சையும் சிவப்புமா பூக்க ஆரம்பிச்சிடும். அதுனால நேரம் இல்லேன்னா உடனே ஃப்ரீஸர்ல போட்டுடணும், உறைஞ்சா பூஞ்சை வளராது, அப்புறம் நிதானமா பார்த்துக்கலாம். சுனாமில நனைஞ்ச கட்டுகள்ல நிறைய நாராவுக்குப் போச்சு, அங்க பண்பாட்டுச் சொத்து ஆராய்ச்சி நிறுவனத்துல வெற்றிட உறைநிலை உலர்த்தி இருக்கு, உறைஞ்ச பனியை தண்ணியாக்காமலே நேரா ஆவியாக்கி எடுத்துடுற மெஷின். அது இல்லாத இடத்துல? சமையல்கட்டுல எண்ணெய் துடைக்கிற டிஷ்யூ பேப்பர்தான். பக்கத்துக்குப் பக்கம் நடுவுல ஒண்ணு வச்சு, மேல கீழ லேசா அழுத்தி, ஈரம் இழுத்ததும் எடுத்துட்டு புதுசு வைக்கணும், திரும்ப எடுக்கணும், திரும்ப வைக்கணும். ஒட்டிப்போன பக்கங்களை மூங்கில் தகட்டை ஓரத்துல நுழைச்சு மில்லிமீட்டர் மில்லிமீட்டரா பிரிப்பாங்க. பூஞ்சைக்கு எத்தனால் தெளிப்பாங்க. ஒரு புத்தகத்துக்கு ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டி வரும், அந்த ஆளு பெரும்பாலும் வரலாற்றுப் பேராசிரியர் கிடையாது, அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க, கல்லூரிப் பிள்ளைங்க, ரிட்டயர் ஆன பெரியவங்க.

இப்ப இஷிகாவா மாவட்டத்துல இருக்கற நோட்டோ தீபகற்பத்துக்கு வருவோம், ஏன்னா இந்த விஷயம் முழுசும் ஒரே இடத்துல தெரியறது அங்கதான். போர் முடிஞ்ச கையோட, 1949-50 வாக்குல, மீன்வளத் துறை பணத்துல ஒரு பெரிய திட்டம் நடந்துச்சு, நாடு முழுக்க மீன்பிடி ஊர்கள்ல இருந்து பழைய பேப்பரைக் கடன் வாங்கி டோக்கியோல சேர்த்து நகல் எடுக்கறது. சில வருஷத்துல பணம் நின்னு திட்டம் கலைஞ்சு போச்சு, பேப்பர் பெட்டி பெட்டியா திருப்பித் தராம கிடந்துச்சு. அதுல சின்ன வயசு ஊழியரா இருந்தவர் அமினோ யோஷிஹிகோ, பின்னாடி ஜப்பானோட பெரிய வரலாற்றாசிரியர்கள்ல ஒருத்தரானவர். அது அவர் மனசுல முள்ளா இருந்துச்சு. 1980-ல கனகாவா பல்கலைக்கழகத்துக்கு மாறி, அதுல இருந்து வருஷக்கணக்கா தீவு தீவா ஊர் ஊரா அந்தப் பெட்டிகளைத் தூக்கிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டே போனவரை நிறைய பேர் அன்பா வரவேத்தாங்க. ஆவணம் காப்பாத்தறேன்னு போற யாரும் முதல்ல தெரிஞ்சுக்க வேண்டிய கதை இது.

அப்படித் திருப்பிக் கொடுக்கப் போன இடத்துல ஒண்ணு நோட்டோல வாஜிமா பக்கம் இருக்கற தொகிகுனி குடும்பம். அங்க போனவங்க அந்த வீட்டுப் பேப்பரை முழுசா ஆராய ஆரம்பிச்சாங்க, குரால பத்திரமா வச்சதைத் தாண்டி ஃபுசுமாவுக்குள்ளயும் பார்த்தாங்க. ஃபுசுமான்னா அறைக்கும் அறைக்கும் நடுவுல இருக்கற காகிதத் தள்ளு கதவு. மரச்சட்டத்துல மேல அழகான காகிதம் ஒட்டறதுக்கு முன்னாடி உள்ள அடுக்கடுக்கா பழைய பேப்பரை ஒட்டிக் கெட்டிப்படுத்துவாங்க. காகிதம் விலை அதிகம், அதுனால இனி தேவையில்லைன்னு நினைச்ச கடிதம், பில், ரசீது எல்லாம் அதுக்குள்ள போயிடும். குடும்பம் பாதுகாத்து வச்சது நிலப் பத்திரமும் வரிக் கணக்கும், அதை மட்டும் படிச்சா இவங்க பெரிய விவசாயக் குடும்பம்னுதான் தோணும். கதவுக்குள்ள ஒட்டியிருந்த குப்பைப் பேப்பரைத் தண்ணி தெளிச்சு ஒவ்வொரு அடுக்கா உரிச்சு எடுத்துப் பார்த்தா கப்பல், சரக்கு, வடக்க ஹொக்கைடோ வரைக்கும் வியாபாரம். அந்தக் குடும்பத்துக்கு 100 ரியோ, அதாவது அந்தக் காலத்துத் தங்கப் பணம், கடன் கொடுத்த ஒருத்தர், அரசாங்கப் பதிவுல நிலமே இல்லாத ஏழைங்கற வகைல இருக்கார், உண்மையில அவரும் கப்பல் வச்சிருந்த பணக்கார வியாபாரி. அவருக்கு நிலம் வாங்க முடியாம இல்ல, தேவைப்படல. ஜப்பான்ல பழைய காலத்துல ஊர்க்காரங்கன்னாலே நெல் விவசாயிங்கன்னு பாடப்புத்தகம் சொல்லிட்டிருந்த படத்தை மாத்தினதுல இந்தக் கதவுப் பேப்பருக்குப் பெரிய பங்கு இருக்கு. யாரோ ஒருத்தர் பழைய கதவுன்னு அடுப்புல போட்டிருந்தா அது தெரியாமலே போயிருக்கும்னு நினைக்கும்போது எனக்கு நிஜமாவே பதறுது.

2024 ஜனவரி 1-ம் தேதி நோட்டோ நிலநடுக்கத்துல அந்தத் தொகிகுனி குடும்பத்தோட ரெண்டு பழைய வீட்ல ஒண்ணு, மேல்-தொகிகுனி வீடு, அப்படியே தரைல உட்கார்ந்துச்சு. வைக்கோல் கூரை முழுசா கீழ இறங்கி மூடிக்கிச்சு, அதுக்கு அடில இருந்துதான் பேப்பரை மீட்டெடுக்க வேண்டியிருந்துச்சு. 2020-ல நாராவைத் தலைமையிடமா வச்சு ஆரம்பிச்ச பண்பாட்டுச் சொத்துப் பேரிடர் மையமும் இஷிகாவால புதுசா சேர்ந்த தன்னார்வலர்களும் வீடு வீடா போனாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல கனமழை வெள்ளம் வேற வந்து இன்னொரு தடவை நனைச்சுது. இங்கயும் சேதமான வீட்டை அரசு செலவுல இடிக்கற வேலை நடந்துச்சு, அதுனால இடிக்கற தேதிக்கும் பேப்பருக்கும் நடுவுல கோபேல நடந்த அதே ஓட்டம்தான்.

படிக்கற பக்கம் இப்ப கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கு. 2017-ல கியோட்டோ பல்கலைக்கழகத்துல பழைய நிலநடுக்கங்களை ஆராயற குழு ஒரு இணையதளம் திறந்தாங்க, யார் வேணா உள்ள போய் பழைய பக்கத்தைப் பார்த்து எழுத்து எழுத்தா டைப் பண்ணலாம், தப்பா இருந்தா இன்னொருத்தர் திருத்துவார். 2021-ல மிவோன்னு ஒரு இலவச ஆப் வந்துச்சு, போனை அந்தக் கையெழுத்து மேல காட்டி ஒரு போட்டோ எடுத்தா இன்னைக்கு எழுத்துல மாத்திக் காட்டும், தப்பு வரும், ஆனா என்ன விஷயம்னு தெரிஞ்சிடும். அதை உருவாக்கினதுல முக்கியமானவர் தாய்லாந்துல இருந்து போய் ஜப்பான் இலக்கியம் படிச்ச தாரின் க்ளானுவாட். படிக்க முடியாததால தூக்கிப் போட்ட பேப்பரை இனி வீட்டுக்காரங்களே ஒரு வரி படிச்சுப் பார்க்க முடியும்ங்கறது சின்ன விஷயம் இல்ல.

ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் வெள்ளத்துக்கும் அப்புறம் ஷிர்யோ நெட் ஆளுங்க ஊர்ல ஒரு நோட்டீஸ் கொடுப்பாங்க. ஈரமா இருந்தாலும் சேறா இருந்தாலும் பரவாயில்ல, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்கன்னு இருக்கும். தூரிகைல எழுதின பழைய பேப்பரோட, பாட்டியோட டைரி, வீட்டுச் செலவு நோட்டு, ஊர்ச் சங்கத்து மினிட்ஸ், பழைய போட்டோ ஆல்பம், ஃபுசுமா கதவுக்குள்ள ஒட்டியிருக்கற பேப்பர் எல்லாத்தையும் பேர் சொல்லிக் கேப்பாங்க. வீட்டுக்குப் போனா பெரும்பாலும் வர்ற முதல் பதில், "எங்க வீட்ல அப்படி ஒண்ணும் இல்லைங்க, வெறும் குப்பைதான்." அதுக்கு அவங்க, சரிங்க, அந்தக் குப்பையை ஒரு தடவை பார்க்கலாமான்னு கேட்டுட்டு செருப்பைக் கழட்டுவாங்க.